வண்ணம் அடித்த படச்சட்டத்தில் தங்க ரேக்கு ஒட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர்ப் படம் கற்றுக்கொள்ள என்னிடம் வருபவர்கள், படத்தை முடித்த கையோடு சட்டத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பிப்பார்கள். "சட்டத்துல இருக்குற பூவுக்கு மட்டும் தங்கம் வெச்சா எப்படி இருக்கும் மேடம்?" நன்றாகத்தான் இருக்கும். ஆனால் படத்தில் தங்கம் ஒட்டிப் பழகிய கை சட்டத்துக்கு அப்படியே உதவாது. பொருள் வேறு, பசை வேறு, பொறுமையும் வேறு.

பதில்களில் ஒரு சட்டம் அடிக்கடி வரும். எங்கள் வீட்டில் ரவிவர்மா அச்சகத்து லட்சுமி படம் ஒன்று இருக்கிறது. 1894-இல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகத்தின் கல்லச்சுப் படங்கள் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தொங்கின. எங்கள் படத்தின் தேக்குச் சட்டத்துக்கு ஏதோ ஒரு தீபாவளிக்கு யாரோ கரும்பச்சை எனாமல் அடித்துவிட்டார்கள். நான்கு மூலையிலும் இலைக்கொத்து, மேல் கட்டையில் கொடிக்கருக்கு, உள் விளிம்பைச் சுற்றி முத்துச்சரம். நான் ரேக்கு ஒட்டப் பழகியது இந்தச் சட்டத்தில்தான். கெடுத்ததும் இதைத்தான், இரண்டு முறை.

ரேக்கும் முலாமும் ஒன்றுதானே?

இல்லை. முலாம் என்பது உலோகத்தின் மேல் மின்சாரத்தாலோ, பழைய முறையில் பாதரசத்தாலோ தங்கத்தைப் படிய வைப்பது. மரத்துக்கு அது ஆகாது. ரேக்கு என்பது தங்கத்தை அடித்து அடித்து மெலிதாக்கிய தகடு. கோயில் வாகனங்களில் மரத்தின் மேல் மின்னுவது பெரும்பாலும் இப்படி ஒட்டிய ரேக்குதான்.

எவ்வளவு மெலிது என்றால், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தப் பக்கம் பச்சையாகத் தெரியும். சிறிய புத்தகம்போல 25 தாள்களாக விற்பார்கள். ஒரு தாள் சுமார் 8 சென்டிமீட்டர் சதுரம். முழுப் புத்தகத்திலும் இருக்கும் தங்கம் அரை கிராமுக்கும் குறைவு. அந்தக் கணக்கில் ஒரு சவரனை அடித்தால் ஒரு வாசற்கதவை மூடிவிட்டு மிச்சமும் இருக்கும்.

கோல்டு பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி அடித்தால் போதாதா?

கல்யாணப் பந்தலுக்குப் போதும். கோல்டு பெயிண்டில் இருப்பது பெரும்பாலும் பித்தளைத் தூள். ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு கிடப்பதால் வெளிச்சம் சிதறும். மஞ்சள் மினுமினுப்பு வருமே தவிர உலோகத்தின் பளபளப்பு வராது. நாளாக ஆகப் பழுப்பேறும். பழைய பீரோக்களில், வாசற்படி ஓரங்களில் மங்கிய சாணிப் பழுப்பாகக் கிடக்கும் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒரு காலத்தில் தங்க நிறம்.

ரேக்கு ஒரே தொடர்ச்சியான உலோகப் பரப்பு. செதுக்கலின் மேட்டில் வெளிச்சம் பட்டுக் குழியில் நிழலாக இறங்கும். ஒரே ஒரு இலையில் மட்டும் பெயிண்டையும் ரேக்கையும் பாதிப் பாதி வைத்துப் பாருங்கள், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அசல் ரேக்கா, போலி ரேக்கா?

"பொன் வைக்கிற இடத்தில் பூ வைத்தாவது" என்பார்கள். போலி ரேக்கு என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகடு. தாள் சுமார் 14 சென்டிமீட்டர் சதுரம், அசலைவிடப் பல மடங்கு தடிமன். அதனால் கையாளச் சுலபம், விலையும் மிகக் குறைவு. குறை என்னவென்றால் கறுக்கும், ஓரத்தில் பச்சை பூக்கும். மேலே ஒரு பூச்சுக் கொடுத்துக் காற்றுப் படாமல் மூடியே ஆக வேண்டும்.

முதல் சட்டத்துக்குப் போலியை வாங்குங்கள். கை பழகியதும் அசலுக்கு வாருங்கள். அசலில் 22 காரட்டுக்கு மேல் இருந்தால் கறுக்கும் கவலை இல்லை. 18, 12 காரட் என்று வெளிர் நிறத்தில் விற்பதில் வெள்ளி அதிகம்; அவை மங்கும்.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். மூலைகளுக்கும் முத்துச்சரத்துக்கும் மட்டும் தங்கம் என்றால் நடுத்தர அளவுச் சட்டத்துக்கு ஒரு புத்தகம், மிஞ்சினால் இரண்டு. முழுச் சட்டத்தையும் தங்கமாக்கினால்தான் கை கடிக்கும். அப்படி ஆக்குவதில் அழகும் இல்லை என்பது என் கட்சி.

தஞ்சாவூர்ப் படத்துக்கு வாங்கிய தங்கத் தாள் மிச்சம் இருக்கிறது. அதையே ஒட்டலாமா?

சமதளமான இடத்தில் ஒட்டலாம். அந்தத் தாள் கையால் எடுத்துக் கத்தரியால் வெட்டும் அளவுக்குத் தடிமன். சிலவற்றில் பின்பக்கம் மெல்லிய காகிதமும் இருக்கும். மக்கு என்ற சுண்ணக் கலவையை வைத்து மேடாக்கிய நகை வேலைப்பாட்டின் மேல் கோந்து தடவி அழுத்தினால் படியும், ஏனென்றால் அந்த மேடுகள் உருண்டையாக, ஆழமில்லாமல் இருக்கும். மரச் செதுக்கலில் அப்படியில்லை. இலையின் நரம்பு, சுருளின் அடிப்பக்கம், முத்துக்கும் முத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கு என எல்லா இடத்திலும் அந்தத் தாள் மடங்கிக் கிழியும், ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். செதுக்கலுக்கு மெல்லிய ரேக்குதான் சரி.

ஸ்வீட் கடையில் பர்ஃபி மேல் ஒட்டும் வெள்ளி ரேக்கு?

ஒட்டும். கொஞ்ச நாளில் வெள்ளிக் கொலுசு மாதிரி கறுக்கும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. இத்தாலியில் வெள்ளி ரேக்கை ஒட்டி அதன் மேல் மஞ்சள் நிறம் கலந்த வார்னிஷ் பூசித் தங்கம் என்று காட்டினார்கள். வெள்ளியும் கறுக்காது, பார்ப்பதற்கும் பொன். மங்கலான விளக்கொளியில் நல்ல கண்ணே ஏமாறும்.

சட்டத்தில் எந்தெந்த இடத்தில் தங்கம் வைப்பது?

குறைவாக. இதுதான் முதல் பதில்.

17-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டுச் சட்டங்களில் ஒரு வகை உண்டு. உடம்பு முழுக்கக் கறுப்பு. நான்கு மூலையிலும், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் மட்டும் செதுக்கிய தங்கம். எட்டே இடம். இருட்டு மரத்தில் எட்டு விளக்கு ஏற்றி வைத்ததுபோல இருக்கும். நான் அந்த முறையைத்தான் எங்கள் லட்சுமிக்கு எடுத்துக்கொண்டேன். முதல் முயற்சியில் ஆசை தாங்காமல் கொடி, இலை, முத்து, வெளி விளிம்பு எல்லாவற்றுக்கும் ரேக்கு ஒட்டியிருந்தேன். சட்டம் மட்டும் கண்ணில் பட்டது; உள்ளே லட்சுமி உட்கார்ந்திருப்பதே தெரியவில்லை.

உள் விளிம்புக்குத் தனி மதிப்பு உண்டு. படத்தை ஒட்டியிருக்கும் அந்த ஒரு கோடு தங்கமாக இருந்தால் வெளிச்சம் படத்தின் மேல் விழுவதுபோல் தோன்றும். வேறெதற்கும் தங்கம் இல்லாவிட்டாலும் அந்தக் கோட்டுக்கு வையுங்கள். அடிவண்ணம் கரும்பச்சை, அரக்கு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் தங்கம் எடுப்பாக நிற்கும். வெளிர் வண்ணத்திலும் வைக்கலாம். அங்கே தங்கம் அடக்கமாகப் பேசும். மஞ்சளில் வைத்தால் காணாமல் போய்விடும்.

பழைய சட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கை வைக்காமல் பார்க்க வேண்டும்.

மங்கிய கோல்டு பெயிண்டுக்கு அடியில் அசல் தங்கம் ஒளிந்திருப்பது உண்டு. பின்பக்கத்து ஓரம், பொரிந்த இடம் இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சு, அதன் மேல் செங்காவி, அதன் மேல் மின்னும் படலம் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அது தண்ணீரால் ஒட்டிய பழைய முறைத் தங்கம். ஈரத்துணி பட்டாலே கையோடு வந்துவிடும். அத்தகைய சட்டத்துக்குப் புது வண்ணம் அடிப்பதே பாவம். தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

பூ வேலைப்பாடு மரமா என்பதையும் பாருங்கள். பல பழைய சட்டங்களில் அது சுண்ணப்பொடி, வஜ்ஜிரப் பசை, பிசின் கலந்து அச்சில் எடுத்து ஒட்டியதாக இருக்கும். குறுக்கே முடியிழை போன்ற வெடிப்புகள் இருந்தால் பெரும்பாலும் அதுதான். தண்ணீரில் ஊறவைத்தால் உப்பிக் கழன்றுவிடும்.

மூன்றாவது, ஈயம். பழைய எனாமலில் ஈயம் நிறைய இருந்திருக்கலாம். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணத்தை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். நீர்த்தாளை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்து அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். அச்சு வேலைப்பாடாக இருந்தால் அதைத் தேய்க்கவே வேண்டாம், வெறுமனே துடைத்தால் போதும்.

வண்ணம் முதலா, தங்கம் முதலா?

வீட்டில் செய்யும் முறையில் வண்ணம் முதலில். எல்லாம் அடித்து, காய்ந்து, இறுகிய பிறகு தங்கம்.

நேர் எதிராகச் செய்வதும் உண்டு. தங்கத்தை ஒட்டிப் பளபளப்பாகத் தேய்த்து, அதன் மேல் வண்ணம் பூசி, அது முழுக்க இறுகுவதற்குள் மரக்குச்சியால் கோலம்போலக் கீறினால் கீறிய இடத்தில் அடியிலிருந்து தங்கம் எட்டிப் பார்க்கும். இத்தாலியச் சட்டங்களில் நீலத்திலும் கறுப்பிலும் இப்படி வரைந்த கொடிகள் பிரசித்தம். அது தண்ணீர் முறைத் தங்கத்துக்கு உரியது. வருடக்கணக்கில் பழக வேண்டிய கை. நம் பூவுக்கும் முத்துக்கும் அது தேவையில்லை.

அடிப்பரப்பை எப்படித் தயார் செய்வது?

பத்தில் எட்டுப் பங்கு வேலை இதுதான், யாரும் கேட்க விரும்பாத பதிலும் இதுதான். ரேக்குக்கு உடம்பு கிடையாது. அடியில் ஒரு தூசி இருந்தால் தங்கத் தூசியாகத் தெரியும். பிரஷ் முடி ஒன்று ஒட்டியிருந்தால் தங்க முடி. பெயிண்டில் ஒரு பொட்டுப் போலக் கண்ணுக்கே தெரியாமல் கிடந்தது, ரேக்கு ஏறியதும் கொப்புளம்போல நிற்கும்.

எங்கள் சட்டத்தில் பழைய எனாமல் இலைகளின் இடுக்கில் கெட்டியாகத் தேங்கி, செதுக்கலின் கூர்மையைத் தின்றிருந்தது. தீக்குச்சி முனையில் உப்புத்தாளைச் சுற்றி, ஒவ்வொரு நரம்பாகத் தேய்த்தேன். நான்கு மூலைக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. முதலில் 220 நம்பர் நீர்த்தாள், பிறகு 320, கடைசியில் 400. உடைந்த முனைகளை மரப்பட்டியால் (வுட் புட்டி) நிரப்பி, மெல்லிய பிரைமர் இரண்டு கை, அதன் மேல் வண்ணம் இரண்டு கை. கெட்டியாக ஒரே கையில் அடித்தால் திரும்பவும் இடுக்கில் தேங்கும்.

பரப்பு பசையைக் குடிக்கக் கூடாது. இதைக் கவனிக்காமல்தான் பலருக்கு ரேக்கு திட்டுத் திட்டாக விடுகிறது. சோதிக்க, தங்கம் வைக்கும் இடத்தில் கொஞ்சம் பசை தடவிச் சாய்வாகப் பாருங்கள். சில நிமிடத்தில் மினுமினுப்பு போய் மங்கினால் மரமோ பட்டியோ அதை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் ஒரு கை கொடுத்து நுண்துளைகளை அடைத்துவிட்டுத் தொடருங்கள்.

கடைசியாக, வண்ணம் தொட்டால் காய்ந்திருப்பது போதாது. எனாமலுக்குக் குறைந்தது ஒரு வாரம், மழைக்காலத்தில் இரண்டு வாரம் விடுவேன். நகத்தால் அழுத்தினால் தழும்பு விழக் கூடாது.

தங்கத்துக்கு அடியில் சிவப்பு அடிக்கிறார்களே, கட்டாயமா?

கட்டாயமில்லை. ஆனால் நான் அடிப்பேன். செங்காவி நிறம் அடியில் இருந்தால் ரேக்கின் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் வழியே ஒரு சூடு வெளியே தெரியும். ஒட்டாமல் விட்ட இடமும் உறுத்தாது. காவி மஞ்சள் அடித்தால் விட்ட இடம் இன்னும் மறையும். ஆழமான இடுக்குகளுக்கு அது நல்லது. தங்கம் வர வேண்டிய இடத்துக்கு மட்டும் சின்ன பிரஷால் வைத்தால் போதும். கரும்பச்சையில் நேராக ஒட்டிப் பார்த்திருக்கிறேன், தங்கம் கொஞ்சம் நோயாளியாகத் தெரிகிறது.

எந்தப் பசை? எப்போது ஒட்ட வேண்டும்?

ஃபெவிகால் வேண்டாம். அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தஞ்சாவூர்த் தாளுக்கு அது ஓடும். ரேக்குக்கு, தடவிய பிரஷின் கோடுகள் எல்லாம் உழுத வயல்போலத் தெரியும்.

ரேக்கு ஒட்டும் பசைக்குப் பெயரே சைஸ்; கில்டிங் சைஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டு வகை. தண்ணீர் சைஸ் பால்போல இருக்கும், 15 முதல் 30 நிமிடத்தில் கண்ணாடிபோலத் தெளியும். தெளிந்ததும் ஒட்டலாம், அதன் பிறகு பல மணி நேரம் பிசுபிசுப்பு இருக்கும். கற்றுக்கொள்பவருக்கு இதுதான் தோது. ஆனால் சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் மழை நாளில் அது தெளிய மறுக்கும். பால் நிறம் ஒரு துளி மிச்சமிருந்தாலும் பொறுங்கள்.

எண்ணெய் சைஸ் ஆளி விதை எண்ணெயில் செய்தது. பளபளப்பு இதில்தான் அதிகம், ஏனென்றால் பிரஷ் கோடுகள் தாமாகவே படிந்து பரப்பு சமமாகிவிடும். 3 மணி நேரம், 12 மணி நேரம் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். தடவியதிலிருந்து ஒட்டும் பக்குவம் வர ஆகும் நேரம் அது. நேரம் கூடக் கூட மினுக்கும் கூடும், ஒட்டுவதற்குக் கிடைக்கும் அவகாசமும் கூடும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு 12 மணி நேர சைஸைத் தடவி, காலை காபி குடித்துவிட்டு ரேக்குடன் உட்காருவது என் வழக்கம்.

பக்குவத்தைக் கடிகாரம் சொல்லாது, விரல்தான் சொல்லும். விரலை மடக்கி அதன் முட்டியைப் பசையில் மெல்ல வைத்து எடுங்கள். "டக்" என்று சின்னச் சத்தத்தோடு விட வேண்டும். விரலில் ஈரம் வரக் கூடாது. ஈரம் வந்தால் சீக்கிரம், ரேக்கு பசையில் மூழ்கி மங்கிச் சுருங்கும். சத்தமே இல்லாமல் வழுக்கினால் நேரம் கடந்துவிட்டது, ரேக்கு பாதி இடத்தில் ஒட்டாது. பாகு எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்; அதிரசத்துக்குப் பாகுப் பதம் பார்ப்பவர்கள் முதல் நாளிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். சித்திரை வெயிலில் டப்பா சொன்ன நேரத்துக்கு முன்பே பதம் வந்துவிடும். அதனால் ஒரு துண்டு மரத்திலும் அதே சமயம் தடவி வைத்து, சோதனையை அதில் செய்யுங்கள்.

பசையை எவ்வளவு மெல்லியதாக இழுக்க முடியுமோ அவ்வளவு. இடுக்கில் குளம் கட்டினால் உலர்ந்த பிரஷால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் சைஸில் மஞ்சள் எண்ணெய் வண்ணம் ஒரு சொட்டுக் கலந்தால், எங்கே தடவினோம், எங்கே விட்டோம் என்று தெரியும். பசை எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் தங்கம். கை நடுங்கிப் பச்சைக்கு வழிந்த இடத்திலும் தங்கம்தான்.

பசை தடவாத இடத்திலும் ரேக்கு ஒட்டிக்கொள்கிறதே!

இது வண்ணச் சட்டத்துக்கே உரிய தலைவலி. காய்ந்த பெயிண்டிலும், குறிப்பாக அக்ரிலிக்கில், லேசான பிசுபிசுப்பு உண்டு. ரேக்குக்கு அதுவே போதும்.

பழைய மல்துணியில் சாதாரண முகப் பவுடரைக் கொட்டி முடிச்சுக் கட்டுங்கள். பசை தடவுவதற்கு முன், தங்கம் வேண்டாத இடமெல்லாம் அந்த முடிச்சால் தட்டித் தட்டி ஒற்றி, மிச்சத்தைப் பிரஷால் துடைத்துவிடுங்கள். வாசனையில்லாத பவுடர் நல்லது. தங்கம் வர வேண்டிய இடத்தில் பவுடர் பட்டால் பசையே பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு மாணவி பவுடர் கையில் இல்லை என்று திருநீறு தட்டினார். பக்தி பாராட்டத்தக்கது, பெயிண்டில் சிராய்ப்பு விழுந்துவிட்டது.

இன்னொரு வழி, முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலந்து வடிகட்டி மெல்லப் பூசிக் காயவிடுவது. வேலை முடிந்து சைஸ் நன்றாக இறுகியபின் ஈரப் பஞ்சால் துடைத்தால், வழிதவறிய ரேக்கும் அதோடு வந்துவிடும். நேர்க்கோட்டு விளிம்புக்கு மாஸ்கிங் டேப் போதும். செதுக்கலில் டேப் ஒட்டி மல்லுக்கட்டாதீர்கள்.

ரேக்கை எப்படிக் கையில் எடுப்பது?

கையில் எடுக்கக் கூடாது. விரல் பட்டால் அசல் ரேக்கு விரலிலேயே காணாமல் போகும், ரேகையில் மஞ்சள் தடவியதுபோல.

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். இதைச் சொல்லி ஒரு பயனும் இல்லை, எல்லாரும் ஒரு முறை மறப்பார்கள். நான் மாட்டிக்கொண்ட அன்று நிறுத்தித்தான் வைத்திருந்தேன். கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது யாரோ உதவி செய்வதாக நினைத்துப் போட்டுவிட்டார்கள். புத்தகம் திறந்திருந்தது. மூன்று தாள் மேலெழும்பிச் சுழன்று ஒன்று ஜன்னல் திரையில், ஒன்று என் தலையில், ஒன்று எங்கே என்று இன்றுவரை தெரியாது. மூச்சு, தும்மல், பக்கத்தில் நடப்பவரின் புடவை வீச்சு என எல்லாமே ரேக்குக்குக் காற்றுதான்.

பழக்கமில்லாதவர்கள் டிரான்ஸ்ஃபர் ரேக்கு வாங்குவது உத்தமம். மெல்லிய தாளில் ரேக்கை அழுத்தி ஒட்டி வைத்திருப்பார்கள். தாளோடு சேர்த்துக் கத்தரியால் வேண்டிய அளவு வெட்டி, பசையின் மேல் கவிழ்த்து, பின்பக்கத்தைப் பஞ்சால் தேய்த்தால் தங்கம் இறங்கிக்கொள்ளும். முத்துச்சரத்துக்கும் விளிம்புக்கும் இது கச்சிதம். ஆழமான செதுக்கலுக்குத் தாள் வளையாது. அங்கே உதிரி ரேக்குதான்.

உதிரி ரேக்குக்குத் தோல் பரப்பிய சின்ன மெத்தைப் பலகை, பிசிறில்லாத கத்தி, அணில் முடியில் செய்த தட்டையான பிரஷ் வேண்டும். பிரஷைக் கன்னத்தில் ஒரு முறை தடவிக்கொள்வார்கள். சருமத்தின் எண்ணெய்ப் பசை போதும், ரேக்கு முடியில் ஒட்டிக்கொண்டு வரும். பசைக்கு அருகே கொண்டுபோனதும் அது தானாகத் தாவி உட்காரும். அந்தத் தாவலைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். ஒரு துண்டின் ஓரம் அடுத்த துண்டின் மேல் ஒரு நூல் அளவு ஏறட்டும். பிறகு மெத்தென்ற உலர்ந்த பிரஷால் இடுக்குக்குள் தட்டித் தட்டி இறக்குங்கள்.

நடுநடுவே ஓட்டை விட்டுவிட்டது. என்ன செய்ய?

பசையின் பிசுபிசுப்பு இருக்கும்போதே உதிர்ந்த துணுக்குகளைப் பிரஷால் அந்த இடத்தில் தள்ளுங்கள், பெரும்பாலானவை அடைந்துவிடும். அடையாதவற்றின் மேல் வாயால் மெல்ல ஊதினால், மூச்சின் ஈரத்தில் பசை ஒரு கணம் உயிர் பெறும். அப்படியும் விடாப்பிடியாக நிற்கும் ஓட்டைக்கு மறுநாள் ஒரு பொட்டுப் பசை வைத்துத் திரும்ப ஒட்ட வேண்டியதுதான். செங்காவி எட்டிப் பார்க்கும் ஒன்றிரண்டு புள்ளிகளை நான் விட்டுவிடுவேன்.

கல்லால் தேய்த்துக் கண்ணாடிபோல மின்ன வைக்கலாமா?

இந்த முறையில் முடியாது. அகேட் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவது தண்ணீர் முறைக்கு மட்டும் (தண்ணீர் சைஸ் வேறு, அது வேறு). அங்கே அடியில் சுண்ணப்பூச்சு எட்டுப் பத்துக் கை, அதன் மேல் மெழுகுபோன்ற களிமண் பூச்சு, எல்லாம் அழுத்தத்துக்கு இடம் கொடுக்கும். சைஸின் மேல் ஒட்டிய ரேக்கில் கல்லை வைத்தால் உரிந்துவிடும். மிருதுவான பஞ்சால் வட்டமாக ஒற்றித் தேய்ப்பதோடு நிறுத்துங்கள், அதுவும் ஒரு நாள் கழித்து.

மேலே வார்னிஷ் அடிக்க வேண்டுமா?

அசல் என்றால் அவசியமில்லை. கை படும் கீழ்க்கட்டைக்கு மட்டும் மெல்லிய பூச்சுக் கொடுக்கலாம். எந்த வார்னிஷும் தங்கத்தின் மினுக்கைக் கொஞ்சம் திருடும்.

போலி என்றால் அவசியம். இரண்டு மூன்று நாள் கழித்து, அரக்குப் பாலிஷை மெல்லியதாக ஒரு கை அல்லது இரண்டு கை. இங்கே ஒரு பொறி இருக்கிறது: அரக்கைக் கரைக்கும் ஸ்பிரிட் அக்ரிலிக் வண்ணத்தையும் இளக்கும். ஆகவே சின்ன பிரஷால் தங்கத்தின் மேல் மட்டும், போன வழியே திரும்பி வராமல் ஒரே இழுப்பு. தண்ணீர் கலந்த வார்னிஷைப் பித்தளை ரேக்கில் நேராக அடிக்காதீர்கள், பச்சை பூக்கக்கூடும்.

ரொம்பப் புதுசாக, ஜிகினா மாதிரி மின்னுகிறதே?

ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள், கண் பழகிவிடும். பொறுக்க முடியவில்லை என்றால், பூச்சு காய்ந்த பிறகு கருங்காவி எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் தடவி, உடனே துணியால் மேடுகளை மட்டும் துடைத்துவிடுங்கள். குழியில் நிழல் தங்கும், செதுக்கல் ஆழமாகும். அது காய்ந்ததும், கை பட்டுத் தேயக்கூடிய முனைகளில் மட்டும் பஞ்சால் அழுத்தித் தேய்த்துச் செங்காவியை லேசாக வெளியே கொண்டுவரலாம். எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்த்தால் சொறிபோல் இருக்கும். இரும்பு நார் உபயோகிக்கச் சொல்வார்கள். கடலோர ஊரில் உடைந்த நார் துணுக்கு இடுக்கில் தங்கித் துருப்பிடிக்கும். எனக்கு வேண்டாம்.

எப்படித் துடைப்பது?

மெத்தென்ற உலர்ந்த பிரஷ். ஈரத்துணியும் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்பிரே ஓரத்தில் வழிந்து முத்துச்சரத்தைத்தான் முதலில் தின்னும். வெள்ளிக்கிழமைதோறும் சட்டத்துக்கே சந்தனமும் குங்குமமும் வைக்கும் வீடாக இருந்தால், பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள்.

கீழே உதிர்ந்த தங்கத் துணுக்குகளை எறிந்துவிடலாமா?

போலியாக இருந்தால் எறியலாம். அசலாக இருந்தால், வேலைக்கு முன்பே மேஜையில் வெள்ளைத் தாள் விரித்து, கடைசியில் பிரஷால் கூட்டி ஒரு சிமிழில் சேருங்கள். ஓட்டை அடைக்க அதுதான் முதலில் கை கொடுக்கும். சேர்ந்த பிறகு, பழைய ஓவியர்கள் செய்ததுபோலத் தேனில் போட்டு நெடுநேரம் அரைத்து, தண்ணீரில் பல முறை கழுவித் தேனைப் போக்கி, அடியில் தங்கும் தூளில் கொஞ்சம் கோந்து கலந்தால் பிரஷால் தீட்டும் அசல் தங்க வண்ணம் கிடைக்கும். ஐரோப்பாவில் அதைச் சிப்பி ஓட்டில் ஊற்றிக் காயவைத்து வைத்திருந்தார்கள். என்னுடையது பழைய குங்குமச் சிமிழில், அடியில் ஒட்டிக்கொண்டு, மூன்று வருடச் சேமிப்பு. எங்கள் சட்டத்தின் இடது கீழ் மூலையில் ஓர் இலையின் முனை போன மாதம் தட்டுப்பட்டு உரிந்தது. ஈர பிரஷால் சிமிழைத் தொட்டு அந்த முனையை மட்டும் தீட்டினேன். அருகில் போய்ப் பார்த்தால் அது ரேக்கு இல்லை, தீட்டியது என்று தெரிகிறது.